நிற்காமல் போன வண்டி

மார்ச் 3, செவ்வாய்

இந்த டைரியில் டீசல், டயர், சர்வீஸ் விவரங்களை மட்டும் எழுதி வைப்பதுதான் வழக்கம். இன்று கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன்.

காலையில் ஆசனூரில் டூட்டி ஏறினேன். இந்த மலையில் ஆம்புலன்ஸ் ஓட்ட வந்து ஆறு வருஷமாகிறது. பகல் முழுக்க வேலையில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பிரசவக் கேஸ் வந்தது. காட்டுக்குள் உள்ள ஒரு சின்ன ஊரிலிருந்து ஜீப்பில் கொண்டு வந்தார்கள். பெயர் மாதி. தலைப்பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. மலைமேல் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்த உடனே, "இங்க வெச்சிருக்க முடியாது, சத்திக்குக் கொண்டு போங்க, சீக்கிரம்" என்றார்.

ரெஜினா பின்னால் ஏறினாள். என்னோடு டூட்டி பார்க்கும் டெக்னீஷியன் அவள். ஊசி, குளுக்கோஸ், ஆக்ஸிஜன் அவள் பொறுப்பு, வண்டி என் பொறுப்பு. மாதியின் வீட்டுக்காரர் ஜடையன் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். வனத்துறையில் தினக்கூலிக் காவலர். வேலையிலிருந்து காக்கிச் சட்டையோடு அப்படியே ஓடி வந்திருந்தார்.

திம்பத்துக்கு முன்னால் உள்ள நேர் ரோட்டில் மான் ஒன்று குறுக்கே வந்தது. புள்ளிமான். வண்டியில் பட்டது. நிறுத்தவில்லை. நிறுத்துகிற நிலைமை இல்லை.

கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, பண்ணாரி தாண்டி, சத்தியமங்கலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பெரிய டாக்டரம்மா வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா ரெண்டு உசிரும் கையில இருந்திருக்காது" என்றார். ஜடையன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பம்பரில் வலது பக்கம் ஒரு நசுங்கல். சின்னதுதான்.

மார்ச் 4, புதன்

வண்டி கழுவினேன்.

மார்ச் 5, வியாழன்

வண்டி கழுவினேன். நேற்று சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது. பம்பர் இடுக்கில் கொஞ்சம் முடி இருந்தது.

மார்ச் 7, சனி

மாவட்ட ஆபீசிலிருந்து போன் செய்து வாழ்த்தினார்கள். எங்கள் டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என் போட்டோவைப் போட்டு ஆளாளுக்குக் கைதட்டு. நசுங்கலைப் பற்றி சூப்பர்வைசர் கேட்டார். மரக்கிளை உரசிவிட்டது என்றேன். மான் என்று சொன்னால் வனத்துறை, விசாரணை என்று இழுத்துக்கொண்டே போகும். அதனால் மட்டும்தான்.

வாழ்த்து வந்ததைக் கேட்டுப் பூங்கொடி கறி எடுத்து வந்து பிரியாணி செய்திருந்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"ஏனுங்க, உப்பு கூடிப்போச்சுங்களா?"

"இல்ல கண்ணு. வயிறு சரியில்ல."

"மூணு நாளாவே சரியில்லையே. டாக்டருங்க கூடவே சுத்தறீங்க, ஒரு மாத்திரை வாங்கிப் போட்டா என்ன?"

நாளைக்கு வாங்குகிறேன் என்றேன். ரசம் ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்தேன். தூக்கம் சரியாக வரவில்லை. வெயில் காலம் தொடங்கிவிட்டது.

மார்ச் 12, வியாழன்

காடு காய்ந்து கிடக்கிறது. ரோட்டு ஓரத்தில் தீத்தடுப்புக்காகச் செதுக்கிவிட்ட இடத்தில் மட்டும் பனி ஈரத்துக்குக் கொஞ்சம் பச்சை முளைத்திருக்கிறது. அதை மேய மான்கள் கூட்டம் கூட்டமாக ரோட்டுக்கு வருகின்றன. போதாததற்குக் காரில் வருகிறவர்கள் சிப்ஸையும் வாழைப்பழத்தையும் ஜன்னல் வழியாக வீசுகிறார்கள். வண்டியைக் கண்டால் ஓட வேண்டிய பிராணி, வண்டியைக் கண்டால் கிட்டே வருகிறது.

அந்த இடத்தைத் தாண்டும்போது பார்த்தேன். சும்மாதான் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மலை இறங்க முன்பைவிட நேரம் பிடிக்கிறது. மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

வார லீவு. பேட்டரி விஷயமாக ஒருத்தரைப் பார்த்து வருகிறேன் என்று பூங்கொடியிடம் சொல்லிவிட்டு மைசூர் பஸ் ஏறினேன். திம்பத்தில் இறங்கினேன். அங்கிருந்து அந்த இடத்துக்கு நடந்து போகலாம் என்று நினைத்தேன். காட்டு ரோட்டில் நடக்க விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. செக்போஸ்ட்டில் இருந்தவர், "ஏனுங்க டிரைவரு, யானை நிக்குது, எங்க நடந்து போறீங்க?" என்று சிரித்தார்.

டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

மார்ச் 21, சனி

பாம்புக்கடி கேஸ். மக்காச்சோளக் காட்டுக்குக் காவல் இருந்தவர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கட்டுவிரியனாக இருக்கலாம் என்றார்கள். கண் இமை சொருக ஆரம்பித்திருந்தது. மேலே முதல் மருந்து போட்டுக் கீழே அனுப்பினார்கள்.

திம்பத்துக்கு முன்னால் வண்டியில் ஏதோ சத்தம் கேட்பதுபோல இருந்தது. ஓரம் கட்டி நிறுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி எடுத்தேன். கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

சத்தியில் சேர்த்தோம். மூச்சு விடச் சிரமப்பட்டதால் மெஷினில் போட்டிருக்கிறார்கள். ரெஜினா கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். எப்போதும் காலி வண்டியில் திரும்பும்போது முன் சீட்டில்தான் உட்காருவாள்.

மார்ச் 22, ஞாயிறு

அந்த மனிதர் இன்னும் மெஷினில்தான் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போன் செய்தேன்.

மார்ச் 23, திங்கள்

காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரெஜினா டீ வாங்கி வந்து நீட்டினாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. சனிக்கிழமை வண்டிய ஏன் நிறுத்துனீங்க?"

"சத்தம் கேட்டுச்சும்மா. ஆக்ஸில் பக்கம்."

"ஒரு சத்தமும் இல்லைங்கண்ணா. ரோட்டோரமா மான் நின்னுச்சு. நான் ஜன்னல்ல பாத்தேன். அது பாட்டுக்கு மேஞ்சுட்டு இருந்துச்சு. நீங்க வண்டிய நிறுத்தி ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்கப் புடிச்சுட்டு உக்காந்துட்டீங்க. நான் கண்ணாடியத் தட்டறேன், கத்தறேன், உங்களுக்குக் கேக்கவே இல்ல."

அவ்வளவு நேரமெல்லாம் இல்லை என்றேன்.

"அன்னிக்கு மாதி கேஸ்ல நிறுத்தாதீங்கன்னு சொன்னது நான். நீங்க பிரேக்குல கால் வெச்சுட்டீங்க. அந்தப் பொண்ணுக்குப் பிரஷர் எறங்கிட்டே இருக்குது, ரெண்டு கையிலயும் நரம்பு கெடைக்காமத் தேடிட்டு இருக்கறேன். நான்தான் போங்கன்னு கத்துனேன். அத நீங்க ஏன் தனியா செமக்கறீங்க?"

"நான் ஒண்ணையும் செமக்கலையே" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மருந்து வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரெஜினா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "இன்னொரு தடவ இப்புடி நின்னீங்கன்னா நான் ஆபீசுக்குச் சொல்லித்தான் ஆகணும்ணா. பின்னால படுத்திருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும். என்னைய அப்புடிச் செய்ய வெச்சுராதீங்க."

டீ ஆறிவிட்டது. ஊற்றிவிட்டு வண்டியைத் துடைத்து முடித்தேன்.

மார்ச் 27, வெள்ளி

பாம்புக்கடிக்காரர் பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். அவர் மனைவி வாங்கிக்கொண்டு, "நீங்க யாருங்க சாமி?" என்று கேட்டார். வண்டி டிரைவர் என்றேன். அந்த அம்மா என் காலில் விழ வந்தார். வேண்டாங்க, வேண்டாங்க என்று ஓடி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 1, புதன்

பண்ணாரி அம்மன் குண்டம் திருவிழா நெருங்குவதால் ரோடு முழுக்கக் கூட்டம். கீழே ஒரு கேஸை இறக்கிவிட்டுத் திரும்பும்போது செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. டீக்கடையில் ரங்கசாமியண்ணன் இருந்தார். இந்த ரூட்டில் வருஷக் கணக்காகப் பஸ் ஓட்டுகிறவர். தாளவாடியிலிருந்து காய்கறி ஏற்றி வரும் பிக்கப் டிரைவர் முபாரக்கும் நின்றுகொண்டிருந்தான்.

பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "இந்த ரோட்டுல மான அடிக்காத டிரைவர் யாராச்சும் இருக்கறாங்களாங்கண்ணா?"

ரங்கசாமியண்ணன் டீயை ஊதினார். "நான் அடிச்சதில்லப்பா."

முபாரக் சிரித்துவிட்டான். "பொங்கலுக்கு முன்னால பஸ்ஸுக்கு முன் கண்ணாடி மாத்துனீங்களேண்ணா, அது காத்துல ஒடஞ்சதா?"

"அது ஒண்ணுதான்" என்றார். டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஒண்ணில்ல, மூணு" என்றார். "பஸ்ஸுல அறுவது பேரு. பாதிப் பேரு நின்னுட்டு வர்றாங்க. நான் பிரேக்க ஏறி மிதிச்சா அத்தன பேரும் முன்னால வந்து உழுகறாங்க. மிதிக்கலீன்னா அது. என்னத்தப்பா பண்ணச் சொல்றே?"

நான் எதுவும் பண்ணச் சொல்லவில்லை.

"எனக்குக் கணக்கே கெடையாது" என்றான் முபாரக். "அதுக்கு லைட்டுப் பட்டா ஓடத் தெரியலண்ணா. நின்னு நம்மளயே பாக்குது. ஆரன் அடிச்சா இன்னும் மெரண்டு உள்ளதான் வருது. போன மாசம் ஒண்ணு, பானட்டு மேல வந்து உழுந்து, எந்திரிச்சு, ஓடிப்போயிருச்சு. பொழச்சுதோ செத்துதோ. அன்னிக்கு லோடு எறக்கிட்டு வண்டியிலயே உக்காந்துட்டேன்."

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"யாருகிட்டச் சொல்றது? கேஸ் போடறவங்ககிட்டயா?"

ரங்கசாமியண்ணன் என்னைப் பார்த்தார். "நீ எத்தன, மயில்சாமி?"

"நானுங்களா? இன்னும் இல்லீங்கண்ணா" என்றேன்.

வரிசை நகர்ந்தது. வண்டிக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இரண்டு கேஸ். இரண்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. உள்ளங்கை ரொம்ப வியர்க்கிறது. ஸ்டீயரிங் உறை மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 15, புதன்

புதன்கிழமை என்றால் மலைமேல் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி நாள். குழந்தைகளின் அழுகைச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். ஜடையன் வந்து கதவருகில் நின்றார். மாதி வேப்பமரத்தடியில் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஊசி போட்டாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"போட்டாச்சுங்கண்ணா. உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். அந்த மானப் பத்தி."

"எந்த மானு?"

அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நானும் இறங்கினேன்.

"மறுநா விடியால எங்க அம்மா வந்துருச்சு. மாதியையும் பாப்பாவையும் அம்மாகிட்ட விட்டுட்டு மொத பஸ்ஸுல ஏறி அந்த எடத்துல எறங்கிட்டேன். என் டூட்டி ஏரியாதான அது. ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள, புதருக்குள்ள படுத்திருந்துச்சு. பொட்டை. உசிரு இருந்துச்சுங்கண்ணா. இடுப்பு போயிருச்சு, எந்திரிக்க முடியல. மாட்டு டாக்டருக்குப் போன் பண்ணுனேன். அவரு கீழ இருந்து வரணும். வர்றதுக்குள்ள போயிருச்சு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தனியாவா கெடந்துச்சு?" என்று கேட்டேன்.

"ராவெல்லாம் தனியாத்தான் கெடந்திருக்கும். நான் போனதுக்கப்புறம் இல்ல. பக்கத்துலயே உக்காந்துட்டேன். செந்நாய் வந்தா உசிரோட பிச்சுருமே."

"தண்ணி குடுத்தீங்களா?"

ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"குடுத்தேன். குடிக்க முடியல. நாக்கு நனைஞ்சுச்சு." பிறகு சொன்னார்: "எங்க மாதிக்கு வழி விட்டுட்டுப் போன உசிரு. அத அப்படியே போட்டுட்டு வர முடியுங்களாண்ணா?"

ஆபீசில் யார் அடித்தது என்று கேட்டார்களா என்று கேட்டேன். "கேட்டாங்க. வண்டி தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: இந்த வெயில் காலத்தில் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறாராம். ரோட்டில் செத்துக் கிடப்பதைத்தான் பார்க்க முடிகிறது. அடிபட்டு உள்ளே போய்ச் சாவது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு போன் செய்தால் போதும், பேர்கூட வேண்டாம், இடம் சொன்னால் ஓடிப் போய்ப் பார்ப்பேன் என்றார். காலில் அடி என்றால் சிலதைக் காப்பாற்றியிருக்கிறாராம். செத்திருந்தாலும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டால், அதைத் தின்ன ரோட்டுக்கு வரும் வேறு ஜீவன் அடிபடாது.

அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன். மாதி கூப்பிட்டாள். எழுந்து போனார்.

நான் பின்பக்கம் ஏறி, ஸ்ட்ரெச்சரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ரெஜினா வந்து எட்டிப் பார்த்தாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 18, சனி

ஜடையன் நம்பரை ரங்கசாமியண்ணனுக்கும் முபாரக்குக்கும் கொடுத்தேன். "பேரு சொல்ல வேண்டியதில்ல, எடம் சொன்னா போதும். யாருக்காச்சும் தேவப்படும்" என்றேன். ரங்கசாமியண்ணன் என் முகத்தையே பார்த்தார். போனை எடுத்து நம்பரை ஏற்றிக்கொண்டார்.

ஏப்ரல் 22, புதன்

முபாரக் ஒரு மானுக்காகப் போன் செய்து கூப்பிட்டானாம். ஜடையன் சொன்னார். குட்டி. காலில் காயம். டாக்டர் வந்து கட்டுப் போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 25, சனி

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போன் வந்தது. திம்பத்துக்கும் ஆசனூருக்கும் நடுவில் கார் ஒன்று மரத்தில் மோதி நிற்கிறது என்று. மான் குறுக்கே வந்ததாம். கிளம்பும்போதே ஜடையனுக்கும் சொல்லிவிட்டேன்.

கோயமுத்தூர்க் குடும்பம். அம்மா, அப்பா, மகன். ஓட்டியவன் மகன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், பெயர் கௌசிக். அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, நெற்றியில் ஒரு வெட்டு. மற்றபடி பயமில்லை என்று ரெஜினா சொன்னாள். அவள் அந்த அம்மாவுக்குக் கட்டுப் போடத் தொடங்கினாள்.

கௌசிக் ரோட்டோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. "அது எங்க போச்சுங்க?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டான்.

அவன் அப்பா கத்தினார். "மானு கெடக்குது, உங்கம்மாளப் பாருடா மொதல்ல! மெதுவா ஓட்டு மெதுவா ஓட்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

"மெதுவாத்தாம்ப்பா வந்தேன்" என்றான் அவன். "ஒண்ணு போச்சு. போயிருச்சுன்னு நெனச்சேன். பின்னாலயே இன்னொண்ணு வந்துச்சு."

நான் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அதற்குள் ஜடையன் பைக்கில் வந்து சேர்ந்தார். ரோட்டைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், உள்ளே போனார். சீக்கிரமே அவர் குரல் கேட்டது.

"அண்ணா, நிக்குதுங்க!"

நான் ரோட்டு விளிம்புவரை போனேன். உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் நின்றது. கிடா. ஒரு கொம்பு முறிந்து தொங்கியது. வாயில் நுரை. பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது. ஜடையன் அசையாமல் நின்றார். நானும் நின்றேன். அது எங்களைப் பார்த்தது. பிறகு திரும்பி, மூன்று காலில், ஒவ்வொரு எட்டாக எடுத்து வைத்துச் சரிவில் இறங்கிப் போனது.

திரும்பி வந்து கௌசிக்கிடம் சொன்னேன்.

"பொழைக்குமாங்கண்ணா?"

பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "தெரியல தம்பி" என்றேன். "நடந்து போச்சு. அந்தக் காவலரு பின்னாலயே போயிருக்கறாரு. அவரு பாத்துக்குவாரு."

அப்போதுதான் அவன் அழுதான்.

அவன் அப்பா பின்னால் மனைவியோடு ஏறிக்கொண்டார். கௌசிக்கை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். திம்பம் தாண்டி முதல் வளைவு இறங்கும்போது சொன்னேன். "எனக்கும் நடந்துச்சு தம்பி. மாசி மாசத்துல, இதே ரோட்டுல, இந்த வண்டியிலதான். பின்னால பிரசவக் கேஸ். நிறுத்த முடியல. அது கத்துச்சு. சைரன் போட்டிருந்தேன், அதுக்கு மேலயும் கேட்டுச்சு. இன்னிக்கும் கேக்குது."

சொல்லும்போது கை வியர்க்கவில்லை. வளைவில் வண்டி சரியாகத் திரும்பியது. கௌசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பின்னாலிருந்து ரெஜினா கண்ணாடியைத் தட்டி, "பேஷண்ட் நல்லா இருக்கறாங்கண்ணா, நீங்க போங்க" என்றாள். கீழே இறங்கியதும் ஆபீசுக்குப் போன் செய்து, பம்பர் நசுங்கியது மரக்கிளையால் அல்ல என்று சொன்னேன். எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். திம்பத்துக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தது வரைக்கும் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"ஏதோ உடம்புக்குப் பெருசா வந்திருக்குது, எங்கிட்ட மறைக்கறீங்கன்னு பயந்துட்டு இருந்தேன்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்:

"அந்தப் பாப்பாவுக்கு என்ன பேரு வெச்சிருக்கறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஜடையனிடம் எவ்வளவோ பேசினேன். மாதி தூரத்திலிருந்து பார்த்துச் சிரித்தாள். நான் கிட்டே போய்ப் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நாளைக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.